திரும்பும் துணிவு

சிகரத்தை நெருங்கியபின் அதனை எட்டாது திரும்புதல் கோழைமையா? 1953ஆம் ஆண்டின் வசந்தத்தில், எவரெஸ்டின் பனிமுகட்டில் இவ்வினா எழுந்தது.

மே 26ஆம் நாள் டாம் பூர்டில்லன், சார்லஸ் எவன்ஸ் என்னும் இருவர் தென்முகட்டை அடைந்தபோது நண்பகல் கடந்திருந்தது. உச்சிக்கு எஞ்சியது ஏறத்தாழ 100 மீட்டர் உயரமே. ஆயினும் எவன்ஸின் உயிர்வளிக் கருவி பழுதுற்றிருந்தது. போய் மீளப் பொழுதும் போதாது. மேலும் ஏற விழைந்தார் பூர்டில்லன், தடுத்தார் எவன்ஸ். இருவரும் உயிருடன் இறங்கினர். மே 29இல் ஹில்லரியும் டென்சிங்கும் உச்சியில் நின்றனர். புகழ் அவர்களைச் சேர்ந்தது.

நண்பனின் வேட்கைக்குத் துணைபோவது எளிது. அவன் சினத்துக்கு ஆளாகியும் “வேண்டா” என்று தடுப்பது அரிது. வலியறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அவ்வறிவை ஆசை மறைக்கும்போது கண்ணாக நிற்பவனே நண்பன். உச்சி மறுநாளும் அங்கேயே இருக்கும். போன உயிர் மீளாது. ஆதலின் அத்திரும்புதல் கோழைமையன்று, நட்பின் கடமை.