வராத பிள்ளையின் குற்றம் யாது?

பழவேற்காட்டு ஏரி மீனவர் தலைமுறைகளாகக் காத்துவருவது 'பாடு' முறை. ஊர் வகுத்தபடி, இன்ன நாள் இன்னார்க்கு இன்ன இடம். முறை தவறினால் மீண்டும் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்நாளில் தந்தைக்குத் துணைக்கை தேவை; வகுப்பில் ஓரிடம் காலியாகும்.

இதனை அறியாத இளமையில், அக்கரையூர்ப் பள்ளியொன்றில் பணியாற்றிய நாம், இரு நாள் வராத சிறுவனைப் பிரம்பால் அடித்தோம். அவன் அழவில்லை, மறுநாள் முதல் வரவுமில்லை. எறும்புக்கு விலகி நடக்கும் குடியிற் பிறந்த நாம், அதனை இம்சையென்று எண்ணவேயில்லை! பயிற்சிப் பள்ளியில் பாடக்குறிப்பு எழுதக் கற்றோம். வராதவன் வீடு தேடிச் செல்லக் கற்றோமில்லை.

1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு பசிக்கு விடை தந்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பிரம்பைத் தடுத்தது. பாடு நாளுக்கு விடை? ஊர்ப் பெரியவரிடம் முறையைக் கேட்டறிந்து, விடுபட்ட பாடத்தை மாலையில் சொல்லித் தரலாமே. அது சிறார் உழைப்புக்கு உடன்படுவதாகாதா எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே, பன்னிரண்டு வயதுக் கைக்கு வலை கனமானதுதான். ஆயின் அதனைத் தந்தையிடமன்றோ சொல்லியிருக்க வேண்டும்?

அச்சிறுவன் வீடு பள்ளியிலிருந்து கூப்பிடு தொலைவு. நாம் ஒரு நாளும் சென்றோமில்லை.