பகடை எறியும் முறையும் நீதியும்

சூதினைக் கடிவதற்கெனத் திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு. மகாபாரதத்தின் பேரழிவும் ஒரு சூதாட்ட மண்டபத்திலிருந்தே கிளைக்கின்றது. இவற்றைக் கற்று வளர்ந்த நாம் பகடை என்றவுடன் பணயத்தையே நினைப்பது இயல்பு. ஆயின், பணயத்தை நீக்கிவிட்ட பின்னரும் பகடையில் ஓர் அறவினா எஞ்சி நிற்கின்றது. எம்முறையில் எறிவது, அம்முறையை யார், எப்போது தீர்மானிப்பது என்பதே அவ்வினா. துரியோதனன் பணயம் வைக்கச் சகுனி எறிவான் என்ற ஏற்பாட்டுக்குத் தருமன் இணங்கிய கணத்திலேயே ஆட்டத்தின் பெரும்பகுதி முடிந்துவிட்டது எனலாம்.

நம் வீட்டுத் திண்ணைகளில் ஆடப்பட்ட தாயத்தை எடுத்துக்கொள்வோம். சோகியின் இரு பக்கங்களும் ஒத்தவையல்ல. ஆகவே அது நிமிர்ந்து விழுவதற்கும் கவிழ்ந்து விழுவதற்கும் சமவாய்ப்பு உண்டெனக் கொள்ள இயலாது. எனினும் அதனை அநீதி என்று எவரும் முறையிட்டதில்லை. எல்லோர் கையிலும் ஏறுவன அதே சோகிகளே. கருவியின் கோணல் யாவர்க்கும் பொதுவாயின் அது குறையாகாது போலும். பித்தளைத் தாயக்கட்டை இரண்டில், வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு பக்கங்கள் அமைந்திருக்கும். எனவே விளைவுகள் 16. அவற்றுள் தாயம் தருவன இரண்டே. தாயம் விழும்வரை காய் இறங்காது. எட்டு முறை எறிந்தும் தாயம் காணாதோர் ஏறத்தாழ மூவரில் ஒருவராக இருப்பர். அவர்தம் பொறுமை வியக்கத்தக்கது.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் ஆகிய இருவரின் ஆக்கமாக வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ என்னும் ஆட்டம் இவ்வினாவை ஆடுவோர் முன் வெளிப்படையாகவே வைத்தது. இதில் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகி, பல மாதங்கள், சிலவேளை பல ஆண்டுகள், ஒரே கதையைத் தொடர்ந்து ஆடுவர். அம்மாந்தரின் வலிமை, அறிவு முதலான ஆறு இயல்புகளும் தொடக்கத்திலேயே எண்களாகக் குறிக்கப்படும். பழைய முறையின்படி மூன்று அறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகையை விழுந்த வரிசையிலேயே ஏற்றல் வேண்டும். 216 விளைவுகளில் ஒன்றே 18ஐத் தரும். 1979இல் வெளிவந்த கைநூல் பிறிதொரு வழியைக் காட்டியது: நான்கு பகடைகளை எறிந்து, மிகக் குறைந்ததை விலக்கி, கிடைத்த ஆறு எண்களையும் விரும்பியவாறு பங்கிடலாம். சராசரி 10.5இலிருந்து ஏறத்தாழ 12.2 ஆக உயர்கின்றது. 18 பெறும் வாய்ப்பு 1,296இல் 21 ஆகின்றது. பிற்காலத்தில் பகடையையே ஒதுக்கி, யாவர்க்கும் சமமான புள்ளித்தொகையை வழங்கும் முறையும் வழக்கில் வந்தது.

கடைசி முறையே நீதியானது என்று அவசரமாகக் கூறத் தோன்றும். எனக்கு அது முழுதும் உடன்பாடன்று. கணக்கில் வல்லவன் அதே புள்ளிகளால் கூடுதற் பயன் பெறுவான். புறவாசலால் அங்கும் சமமின்மை நுழைந்துவிடும். ஆயினும் முதன்முறையின் கடுமையையும் நான் ஆதரியேன். தாயத்தில் ஒரு தீய எறிதல் அடுத்த சுற்றில் மறக்கப்படும். இங்கோ ஒரு மாலைப்பொழுதின் எறிதல் ஆண்டுக்கணக்கில் ஒருவரைத் தொடர்கின்றது. விளைவு நெடிதாயின் முறை இரக்கமுடையதாதல் தகும். எனினும் அவ்விரக்கம் எறிவதற்கு முன்னரே விதியாதல் வேண்டும். விழுந்த எண்ணைக் கண்டபின் வேறு முறையைக் கோருபவன் பகடையைத் தொடாமலே பொய்யாட்டம் ஆடுகின்றான்.

ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில், தமக்கு வாய்க்கப்போகும் இடமும் திறனும் யாவையென அறியாத ஒரு திரைக்குப் பின்னின்றே மனிதர் சமுதாய விதிகளைத் தெரிதல் வேண்டும் என வாதிட்டார். பிறப்பும் ஆற்றலும் நாம் உழைத்துப் பெற்றவையல்ல, குலுக்கலில் வீழ்ந்தவை போன்றன என்பது அவர் கருத்து. உத்தரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட பராந்தக சோழனின் கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறை இத்திரையைப் பாதியளவே அறிந்திருந்தது. குடத்துள் கையிட்டு ஓலை எடுத்தது ஒரு சிறுவன், அதில் வஞ்சமில்லை. ஆனால் கால் வேலிக்கு மேல் நிலமில்லாதவன் பெயர் பொதுவாக அக்குடத்தினுள் புகவில்லை.

இந்நாட்டில் 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியின்போது, பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர்க்கு 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவர்க்கு 227 புள்ளிகளும் எல்லையாக வைக்கப்பட்டன. பரீட்சை எழுதியபோது மாணவர் அறியாத எல்லை அது. எண்கள் விழுந்த பின் மாற்றப்பட்ட விதி என்பதனாலேயே அதன் காயம் ஆழமாயிற்று. 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு வேறு வகையினது. யாழ்ப்பாணத்தோடு கொழும்பும் அதனால் இழந்தது. மாவட்ட அடிப்படை மாறிய விகிதங்களில் இன்றும் தொடர்கின்றது. அதே 1974இல்தான் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில் யாழ்ப்பாண வளாகமும் தொடங்கியது. இவ்வளாகத்தில் இருந்துகொண்டு முதல் விதியைக் கண்டிப்பது எளிது. ஆய்வுகூடமில்லாத ஒரு வன்னிப் பாடசாலையில் பயின்ற மாணவி, இரண்டாவது விதியையும் அவ்வாறே கண்டிக்குமாறு நம்மால் கேட்கப்படின், தன் ஊரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நம் விடைக்காகக் காத்திருக்கக்கூடும்.