பொங்கற் பானையும் நோய்ப் படுக்கையும்

தை பிறக்கிறது. தெருவெங்கும் கோலம், திண்ணைதோறும் கரும்பு, மன்றங்களிலே விளையாட்டுப் போட்டி, பேச்சுப் போட்டி, பட்டிமன்றம். உழைத்தவன் விளைத்ததை உண்டு மகிழும் நாள், புராணப் பொய் கலவாத நாள் என்பதால்தான் பொங்கலைத் தமிழர் திருநாள் என்று நாம் போற்றி வருகிறோம்.

ஆனால் அதே தெருவிலே ஒரு வீடு. வாயிலிலே கோலம் இல்லை. உள்ளே, பக்கவாதத்தால் வீழ்ந்த தந்தையோ, புற்றுநோயால் நலிந்த தாயோ படுக்கையிலே! அந்த வீட்டார் என்ன செய்வது? பானையை அடுப்பில் ஏற்றுவதா, வேண்டாமா? சிரிக்கலாமா, கூடாதா? சிறிய கேள்விபோலத் தோன்றும். அன்பு என்பது எது, கடமை யாருடையது என்ற பெரிய கேள்விகள் அதற்குள்ளே அடங்கிக் கிடக்கின்றன.

பழமை விரும்பிகளிடம் விடை இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு! 'நோய் புகுந்த வீட்டில் பொங்கல் ஆகாது' என்பார் ஒருவர். 'பொங்காமல் விட்டால் தெய்வக் குற்றம், நோய் முற்றும்' என்பார் மற்றொருவர். படுத்திருப்பவரை ஒரு சொல் கேட்போம் என்ற நினைப்பு இருவருக்கும் இல்லை! முன்வினை என்பர், கோள்களின் சினம் என்பர், பரிகாரம் என்பர். மருந்துக்கு வைத்திருந்த பணம் பரிகாரத்துக்குப் போகும். மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய் அடைபட்டாலும் வெடித்தாலும் பக்கவாதம். உயிரணுக்கள் கட்டுக்கு அடங்காமல் பெருகினால் புற்றுநோய். இதிலே சென்ற பிறவிக்கு வேலை என்ன? நோயால் துடிப்பவரைப் 'பாவி' என்றும் சொல்லிவைப்பது, வலியின்மீது வலியை ஏற்றும் கொடுமையன்றோ!

விதியை மறுத்துவிட்டோம். வேலை முடிந்ததா? இல்லை தோழர்களே, அங்கேதான் தொடங்குகிறது! 'தலையெழுத்து' என்பவன் கைகட்டி உட்கார்ந்திருக்கலாம். தலையெழுத்து இல்லை என்பவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று சொல்ல முடியாதவன், தானே பார்த்துக்கொள்ள வேண்டியவன். பகுத்தறிவு நம் தோளில் ஏற்றும் சுமை அது.

அந்தச் சுமையைத் தாங்குவதாக எண்ணிக்கொண்டு, நல்லவர்களும் மூன்று வகையில் தவறுகிறார்கள்.

முதலாவது, வீட்டையே இருளாக்கிவிடுவது. 'அப்பா இப்படிக் கிடக்கையில் நமக்கென்ன பொங்கல்' என்பார்கள். அன்பின் குரல்தான். ஆனால் படுத்திருப்பவர் காதில் அது எப்படி விழும்? 'என்னால் இந்த வீட்டின் மகிழ்ச்சியே போயிற்று' என்று விழும். உயிரோடு இருப்பவருக்கு முன்கூட்டியே துக்கம் காப்பதா? 94 வயதிலே, சிறுநீர்க் குழாயைச் சுமந்துகொண்டு, வலியால் துடித்தபடியே மேடை ஏறினார் பெரியார். 1973 டிசம்பர் 19-ஆம் நாள் சென்னை தியாகராய நகரில் பேசினார். 24-ஆம் நாள் மறைந்தார். நோயாளி என்றால் மூலையில் கிடக்க வேண்டியவர் என்ற எண்ணத்துக்கு அந்த மேடையே மறுப்பு. 1969 பொங்கல் நாளில் நம் மாநிலம் 'தமிழ்நாடு' என்று பெயர் பெற்றபோது, அந்தப் பெயருக்காகப் போராடிய அண்ணா புற்றுநோயால் நலிந்திருந்தார். இருபதே நாட்களில், பிப்ரவரி 3-ஆம் நாள், நம்மை விட்டுப் பிரிந்தார். மகிழ்ச்சியும் நோயும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாதவை என்றால், அந்தப் பொங்கலை நாடு எப்படிக் கொண்டாடியிருக்க முடியும்?

இரண்டாவது, படுக்கையை மறைத்துவிட்டுக் கொண்டாடுவது. பின்கட்டிலே கட்டில், முன்கட்டிலே விருந்து. போகிப் புகை, மூச்சுத் திணறும் நெஞ்சை என்ன செய்யும் என்று எண்ணுவதில்லை. ஒலிபெருக்கி, உறக்கமில்லாத உடலை எப்படி வதைக்கும் என்று கருதுவதில்லை. படுத்திருப்பவரைக் கேட்டால் அவரே சொல்வாரே! ஒருவருக்குப் பொங்கும் பானையைப் பார்க்க ஆசை இருக்கும். இன்னொருவருக்குக் கதவைச் சாத்தி அமைதியாக இருக்க விருப்பம் இருக்கும். நோய் உடலைத்தான் பிடித்தது. விருப்பத்தைச் சொல்லும் உரிமையைப் பறிக்கவில்லை.

மூன்றாவது தவறுதான் பெரிது. நம்மவர் வீடுகளிலும் நடப்பது. பணிவிடை முழுவதையும் ஒரு பெண்ணின் தலையிலே கட்டிவிடுவது! திருக்குறளிலே 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பணி செய்பவர். அந்த நான்காமவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று வள்ளுவர் எழுதிவைத்தாரா? இல்லையே! புண் வராமலிருக்க இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பவள் அவள். வேளை தவறாமல் மருந்து கொடுப்பவள் அவள். மலமும் சிறுநீரும் அகற்றுபவள் அவள். இரவெல்லாம் விழித்திருப்பவள் அவள். பொங்கலன்று வருவோர்க்கு வடையும் பாயசமும் செய்பவளும் அவளே! அவளுடைய அண்ணனோ தம்பியோ அதே நேரத்தில் எங்கே இருக்கிறான்? பொங்கல் விழா மேடையிலே, பெண் விடுதலை பற்றி முழங்கிக்கொண்டிருக்கிறான்! கைத்தட்டல் அவனுக்கு, கண் எரிச்சல் அவளுக்கு.

'தியாகத் திருவுருவம்' என்று அவளைப் புகழ்வார்கள். தியாகம் என்ற சொல்லைக் கொடுத்துவிட்டால் உறக்கத்தைக் கொடுக்க வேண்டியதில்லை என்று எண்ணமோ! மாலை வேண்டாம், மாற்று ஆள் வேண்டும். அவள் இரண்டு மணி நேரம் வெளியே போய்க் கோலம் பார்த்து, தோழியோடு சிரித்துவிட்டு வந்தால், அது நோயாளிக்குச் செய்யும் துரோகம் ஆகாது. ஓய்ந்த கை நெடுநாள் தாங்காது. சிரிக்க மறந்தவர் அருகிலே இருப்பது நோயாளிக்கும் இனிமையாகாது.

வீட்டார் மட்டும் தாங்கக்கூடியதும் அன்று இது. பொறுக்க முடியாத வலியைப் 'படைத்தவன் சோதனை' என்று தாங்கிக்கொள்ளத் தேவையில்லை. அதைத் தணிக்க மார்பின் இருக்கிறது. மருத்துவர் மேற்பார்வையில் அது எளிதாகக் கிடைக்க 2014-இல் சட்டமே திருத்தப்பட்டது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புப் பணி, ஊர்த் தொண்டர்களை வீடு வீடாக அனுப்பும் இயக்கமாகக் கேரளமெங்கும் வளர்ந்தது. 2008-இல் அந்த அரசு அதைத் தன் கொள்கையாக்கிற்று. தமிழ்நாட்டிலும் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' படுக்கையில் இருப்போரின் வீட்டுக்கே சென்று தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் தருகிறது. இதைக் கேட்டுப் பெறுவது மானக்கேடு அன்று, உரிமை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, கண்ணீரோடு நின்றுவிடவில்லை. 1954-இல் அடையாற்றிலே புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது அவர் முயற்சியால். ஒரு வீட்டின் துயரம் ஊருக்கெல்லாம் மருந்தாயிற்று!

இளைஞர்களே! பொங்கலின் இறுதி நாளுக்குக் 'காணும் பொங்கல்' என்று பெயர். கடற்கரையைக் காண்கிறோம், பூங்காவைக் காண்கிறோம், உற்றாரைக் காண்கிறோம். நம் தெருவிலே கோலம் இல்லாத வீட்டை யார் காண்பது? ஆறுதல் உரையாற்றப் போக வேண்டாம். அறிவுரை வழங்கவும் வேண்டாம். 'இன்று பிற்பகல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் உறங்குங்கள்' என்று சொல்லுங்கள். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். வீட்டிலே நோயாளி இருந்தால், மேடைக்குப் போகுமுன் இரவுக் காவலில் உங்கள் முறை எது என்று தங்கையிடம் கேளுங்கள். மன்றத்தின் ஆண்டு வேலைத் திட்டத்திலே பேச்சுப் போட்டிக்குப் பக்கத்தில் இதற்கும் ஒரு வரி இருக்கட்டும்.

கடவுள் இல்லாவிட்டால் அன்பு எங்கிருந்து வரும் என்று நம்மைக் கேட்கிறார்கள். அதற்கு நீண்ட விடை தேவையில்லை. நோயாளியின் படுக்கையருகே ஓர் இரவு விழித்திருந்து காட்டுவோம்.