பாத்தியும் பூனையும்

கொடுமுடிக் காவிரிக்கரையில் புழக்கடைக் கீரைப்பாத்தியைப் பூனை தோண்டி அசுத்தம் செய்தால், விஷம் வைக்கத் துணிவோரும் உண்டு. இது தகுமா?

பூனை வாய் வைத்த நீர் அசுத்தமன்று என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். ஆயினும் அதன் மலம் நஜீஸ். பாத்தியைக் காக்கத்தான் வேண்டும். ஆனால், பூனையை அடைத்துவைத்து, தீனியும் போடாமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்ததாகவும் அவர்களே அறிவித்துள்ளார்கள். அவள் குற்றம் எது? எல்லா வழியையும் அடைத்ததே.

பூனை பகைமையால் தோண்டுவதில்லை. மலத்தை மூடப் பொலபொலப்பான மண்ணைத் தேடுவது அதன் இயல்பு. எனவே பாத்தியில் முள் பரப்பி, ஈரம் காயாமல் வைப்போம்; ஒரு மூலையில் காய்ந்த மணலைக் குவிப்போம்; கீரையை நன்கு கழுவிச் சமைப்போம்.

ஒரு வழியை அடைப்பவர் மறுவழியைத் திறக்கட்டும். வாயில்லா ஜீவனுக்காகவும் நாம் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவர்களே.