உதவியும் உண்மையும்

பிறருக்கு உதவி செய்வது நல்லது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் உதவி செய்கின்றவர், உதவி பெறுகின்றவருக்காகத் தாமே முடிவெடுத்துவிடலாமா? அவருடைய நன்மைக்காகவே எடுத்த முடிவாயினும், அதை அவருக்குச் சொல்லாமல் விடலாமா? இது பழைய கேள்விதான். வைத்தியரும் நோயாளியும், ஆசிரியரும் மாணவரும், பெற்றோரும் பிள்ளைகளும் உள்ள இடமெங்கும் எழுந்துவரும் கேள்வி. இன்று அது கணனி திருத்தும் மேசையொன்றிலும் எழுந்திருக்கின்றது. அங்கே அது மிகத் தெளிவாகத் தெரிவதனால், அந்த மேசையையே எடுத்துக்கொண்டு சிந்திப்போம்.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 2009ஆம் ஆண்டு மார்ட்டின் போஸ்ட்மா என்னும் பெண்மணி ‘ரிப்பெயார் கபே’ என்றொரு முயற்சியைத் தொடங்கினார். அயலவர்கள் தம் வீட்டில் பழுதாய்ப்போன விளக்கு, கேத்தில், வானொலி, கிழிந்த சட்டை முதலியவற்றைக் கொண்டுவருவார்கள். கைவேலை தெரிந்த தொண்டர்கள் கூலி வாங்காமல், உரியவரையும் பக்கத்தில் இருத்தி, அவற்றைத் திருத்துவார்கள். இம்முயற்சி பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது.

அண்மைக் காலத்தில் இம்மேசைகளுக்கு மடிக்கணனிகளும் வரத் தொடங்கின. மைக்ரோசொப்ட் நிறுவனம் ‘விண்டோஸ் 10’ என்னும் பணிசெயல் முறைமைக்கு வழங்கிவந்த வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆந் திகதி நிறுத்தியது. அடுத்து வந்த ‘விண்டோஸ் 11’ பழைய கணனிகள் பலவற்றை ஏற்றுக்கொள்வதில்லை. இயந்திரம் நன்றாகவே இருக்கின்றது, திரை தெரிகின்றது, விசைகள் வேலை செய்கின்றன. ஆயினும் அதனைக் கழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்கவேண்டிய நிலை. ‘எண்ட் ஒஃப் 10’ என்ற பெயரில் 2025இல் தொடங்கிய இயக்கமொன்று இத்தகையோருக்கு வேறொரு வழியைக் காட்டியது. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் முறைமையைப் பழைய கணனியில் நிறுவுங்கள், தெரியாவிட்டால் தொண்டர்களிடம் கொண்டுபோங்கள் என்பதே அதன் அழைப்பு.

இத்தொண்டு புதியதன்று. 1990களிலேயே மேலைநாட்டு லினக்ஸ் பாவனையாளர் சங்கங்கள் ‘நிறுவல் விழா’க்களை நடத்தத் தொடங்கிவிட்டன. புதியவர் தம் கணனியைத் தூக்கிக்கொண்டு வருவார். தொண்டர் முதலில் அவருடைய படங்களையும் கடிதங்களையும் வேறிடத்தில் பிரதி எடுத்து வைக்கச் சொல்வார். பின்னர் இறுவட்டிலிருந்தோ, இக்காலத்தில் பென் ட்ரைவ் ஒன்றிலிருந்தோ, புதிய முறைமையை ஏற்றுவார். ஒலி கேட்கின்றதா, அச்சுப்பொறி ஓடுகின்றதா, இணையம் வருகின்றதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். சில மணித்தியாலங்களில் வந்தவர் மகிழ்வோடு வீடு திரும்புவார். தொண்டருக்குக் கிடைப்பது ஒரு நன்றியும், சில வேளை ஒரு கோப்பைத் தேநீரும்.

இவர்கள் ஏன் இவ்வளவு பாடுபடுகின்றார்கள்? பணத்தை மிச்சப்படுத்திக் கொடுப்பதற்காக மாத்திரமா?

இதற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் றிச்சர்ட் ஸ்டோல்மன் என்பவர் பணிபுரிந்த ஆய்வுகூடத்துக்கு நன்கொடையாக ஓர் அச்சு இயந்திரம் வந்தது. அதில் அடிக்கடி கடதாசி சிக்கிக்கொள்ளும். அதை இயக்கும் மென்பொருளின் மூலநிரல் கையில் இருந்தால், கடதாசி சிக்கியவுடன் எல்லோருக்கும் அறிவித்தல் போகும்படி அவரால் மாற்றியமைத்திருக்க முடியும். அந்த நிரலை வைத்திருந்தவரிடம் கேட்டபோது, எவருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு ஸ்டோல்மனின் மனதில் ஆழப் பதிந்தது. 1983 செப்ரெம்பரில், எவரும் பாவிக்கவும், உள்ளே பார்த்துத் திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும், திருத்தியதைப் பரப்பவும் உரிமையுள்ள முறைமையொன்றை ஆக்கப்போவதாக அவர் அறிவித்தார். 1991 ஓகஸ்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பல்கலைக்கழக மாணவர் தாம் எழுதிவந்த முறைமையின் கருப்பகுதியைப் பற்றி உலகுக்குச் சொன்னார். இரண்டும் இணைந்தே இன்றைய லினக்ஸ் முறைமைகள் உருவாகின. இயன் மர்டொக் 1993இல் தொடங்கிய ‘டெபியன்’ அவற்றுள் ஒன்று. இன்றும் தொண்டர்களே அதனை நடத்துகின்றார்கள்.

ஆகவே இத்தொண்டர்கள் கொடுக்க விரும்புவது இலவசப் பொருளை மாத்திரமன்று. தன் வீட்டு இயந்திரம் தனக்குத் தெரியாமல் என்ன செய்கின்றது என்று அறியும் உரிமையையும் அவர்கள் கொடுக்க விரும்புகின்றார்கள். உள்ளே ஒளிவுமறைவு கூடாது என்பதே அவர்களது கொள்கை.

இங்கேதான் சிக்கல் பிறக்கின்றது.

ஓய்வுபெற்ற ஓர் அம்மா தம் பழைய மடிக்கணனியைக் கொண்டுவருகின்றார் என்று வைத்துக்கொள்வோம். தூர தேசத்திலிருக்கும் பேரப்பிள்ளைகளின் முகத்தைத் திரையில் பார்க்கவேண்டும் என்பதே அவருடைய ஆசை. தொண்டர் லினக்ஸை நிறுவுகின்றார். எல்லாம் நன்றாக ஓடுகின்றன, வைபை தவிர. காரணம் என்ன? அந்த வைபைச் சில்லு விழித்தெழுவதற்கு அதற்குள் ஒரு சிறு மென்பொருளை ஏற்றவேண்டும். அதை ‘பேர்ம்வெயார்’ என்பர். சில்லைச் செய்த கொம்பனி அதனை இலவசமாகவே தருகின்றது. ஆனால் அதன் மூலநிரலைத் தருவதில்லை. உள்ளே என்ன இருக்கின்றது என்று எவரும் பார்க்க முடியாது. அச்சு இயந்திரத்தின் கதை மீண்டும் வந்துவிட்டது!

தொண்டர் இப்போது என்ன செய்யவேண்டும்?

ஒருவர் சொல்வார்: “பேசாமல் அதையும் போட்டுவிடுங்கள். அந்த அம்மாவுக்கு வேண்டியது பேரப்பிள்ளைகளின் முகம். மூலநிரலைப் பற்றி அவரிடம் பிரசங்கம் செய்து என்ன பயன்?” இதிலே அன்பு இருக்கின்றது. ஆனால் ஒளிவுமறைவு கூடாது என்று சொல்லிப் புறப்பட்டவரே ஒன்றை ஒளித்து வைத்துவிடுகின்றார். அந்த அம்மா, தம் கணனி முற்றிலும் திறந்த ஒன்று என்று நம்பிக்கொண்டு வீடு போவார். நன்மை செய்யப்போய் ஒரு பொய்யான எண்ணத்தையும் கூடக் கொடுத்தனுப்புகின்றோம்.

இன்னொருவர் சொல்வார்: “கொள்கையென்றால் கொள்கைதான். மறைவான மென்பொருளை நான் கையால் தொடமாட்டேன். வேறு கணனி வாங்கட்டும்.” இதிலே நேர்மை இருக்கின்றது. ஆயினும் அந்த நேர்மையின் செலவைச் சுமப்பவர் யார்? தொண்டர் தம் வீட்டுக்குப் போய்த் தமது கணனியில் இணையம் பார்ப்பார். வேறு கணனி வாங்க வசதியற்ற அம்மா வெறுங்கையோடு போவார். தன் கொள்கைக்காகத் தான் துன்பப்படுவது தியாகம். தன் கொள்கைக்காக மற்றவரைத் துன்பப்பட வைப்பதற்கு அந்தப் பெயரைச் சூட்ட முடியாது.

ஸ்டோல்மன் அவர்களே இதைப் பற்றி 2019இல் ஒரு கட்டுரை எழுதினார். நிறுவல் விழாக்களில் மறைவான மென்பொருளைச் சத்தமில்லாமல் போட்டுக் கொடுப்பது பசாசோடு உடன்படிக்கை செய்வது போன்றது என்றார். அதனிலும் மோசம், அவ்வுடன்படிக்கையை வந்தவருக்காகத் தொண்டரே திரைமறைவில் செய்துவிடுவதாகும். அவர் சொன்ன பரிகாரம் சற்று வேடிக்கையானது. மண்டபத்தின் ஒரு மூலையிலோ அடுத்த அறையிலோ ஒருவர் ‘பசாசு’ என்று எழுதிய பலகையுடன், கொம்பும் வைத்துக்கொண்டு நிற்கட்டும். மறைவான மென்பொருள் வேண்டுமென்போர் அவரிடம் போகட்டும். அவர் அதன் விலை என்னவென்று விளக்கிச் சொல்லிவிட்டே நிறுவட்டும்.

வாசிக்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் அதனுள்ளே ஒரு நுட்பமான உண்மை இருக்கின்றது. முடிவு கணனிக்கு உரியவரின் முடிவாக இருக்கவேண்டும். அது ஒரு முடிவு என்று அவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். இவ்வளவிலும் நாம் அவரோடு உடன்படலாம். கொம்பு வைப்பதில்தான் உடன்பட முடியவில்லை. வசதியில்லாத ஒருவர் வேறு வழியின்றி எடுக்கும் முடிவைப் பாவச் செயல் போலக் காட்டினால் அவர் வெட்கமடைவார். வெட்கப்பட்டவர் சுதந்திரமாக முடிவெடுத்தார் என்று எப்படிச் சொல்வது? மறைத்து வைப்பது ஒருவரது அறிவைப் பறிக்கின்றது. பயமுறுத்துவது அவரது மனத்துணிவைப் பறிக்கின்றது. இரண்டுமே அவரைச் சிறுபிள்ளையாக்குகின்றன.

டெபியன் தொண்டர்களும் இதே சிக்கலைப் பல்லாண்டுகளாகச் சுமந்து வந்தார்கள். தங்கள் முறைமை முழுமையாகத் திறந்ததாகவே இருக்கும் என்று 1997ஆம் ஆண்டுச் சமூக ஒப்பந்தத்தில் அவர்கள் உலகுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். எனவே பேர்ம்வெயார் அடங்கிய பிரதியை உத்தியோகபூர்வமற்றதாக ஒதுக்கி வைத்தார்கள். தேடத் தெரிந்தவர் தேடி எடுத்தார், புதியவர் திண்டாடினார். வருடங்கள் செல்லச்செல்ல, பேர்ம்வெயார் இன்றி இயங்காத பாகங்களும் பெருகின. ஒலிப் பாகமும் அவற்றுள் ஒன்றாயிற்று. பார்வையற்றவர்கள் நிறுவும்போது திரையிலுள்ளதைக் கணனி குரலில் வாசித்துக் காட்டவேண்டும். ஒலி எழாவிட்டால் அவர்களுக்கு எல்லாமே இருள். எல்லோருக்கும் சுதந்திரம் என்று தொடங்கிய முறைமையை, பிறர் உதவியின்றி ஒரு பார்வையற்றவரால் நிறுவ முடியாமற்போகும் நிலை!

2022இல் அவர்கள் இதனை விவாதித்து வாக்கெடுப்பு நடத்தினார்கள். அதன்படி ஒப்பந்தமும் திருத்தப்பட்டது. 2023 யூனில் வெளிவந்த டெபியன் 12இன் உத்தியோகபூர்வ நிறுவற் பிரதியிலே தேவையான பேர்ம்வெயாரும் சேர்க்கப்பட்டது. ஆனால் அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. எந்தெந்தப் பேர்ம்வெயார் ஏற்றப்பட்டது என்பதைப் பாவனையாளருக்கு அறிவிக்கவேண்டும். அவ்விபரம் பின்னரும் பார்க்கக்கூடியதாகக் கணனியில் பதிந்திருக்கவேண்டும். வேண்டாமென்பவர் இயன்றவரை அதனைத் தடுப்பதற்கும் வழி இருக்கவேண்டும் என்று அதே தீர்மானத்தில் எழுதி வைத்தார்கள்.

இதனைச் சிலர் கொள்கையின் தோல்வி என்பர். இன்னும் சிலர், தேவைப்படுமுன்னே தானாக ஏற்றிவிட்டுப் பிறகு சொல்வது போதாது என்பர். இவர்களுடைய குறையில் நியாயமில்லை என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் விட்டுக்கொடுத்ததை விட்டுக்கொடுத்தது என்றே பகிரங்கமாகச் சொல்லிக்கொண்டு விட்டுக்கொடுப்பதற்கும், ஒன்றும் நடவாதது போல நடிப்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. முன்னையதில் உண்மை காயப்படவில்லை. நாளை நிலைமை மாறினால் திரும்பி வரும் பாதையும் அங்கே அடைபடவில்லை.

அப்படியானால் மேசையிலிருக்கும் தொண்டர் அந்த அம்மாவிடம் என்ன சொல்லலாம்? நீண்ட விரிவுரை தேவையில்லை. “அம்மா, உங்கள் வைபை வேலை செய்யவேண்டுமென்றால் கொம்பனிக்காரர் தந்த ஒரு சின்ன மென்பொருளைப் போடவேண்டும். அதன் உள்ளே என்ன இருக்கிறதென்று எங்களுக்கும் தெரியாது. மற்றவை எல்லாம் திறந்தவை. இதைப் போடலாம், அல்லது அது தேவைப்படாத வைபைக் கருவி ஒன்றைப் பிறகு வாங்கிச் செருகலாம். உங்களுக்கு எது விருப்பம்?” இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். பெரும்பாலும் அவர், “போட்டுவிடு தம்பி” என்றே சொல்வார். முடிவு அதேதான். ஆனால் இப்போது அது அவருடைய முடிவு. இன்னொரு நாள் புதுக் கணனி வாங்கப் போகும்போது, கடைக்காரரிடம் கேட்க அவரிடம் ஒரு கேள்வியும் இருக்கும்.

“அவருக்கு இதெல்லாம் விளங்காது” என்பது உதவி செய்வோர் வழக்கமாகச் சொல்லும் சாட்டு. உண்மையில் பல வேளைகளில், விளங்கும்படி சொல்ல நமக்குப் பொறுமை இல்லை என்பதே அதன் பொருள். வாழ்நாள் முழுவதும் குடும்பம் நடத்திச் சீட்டுப் பிடித்து, காணி உறுதி வாசித்து, பிள்ளைகளைக் கரைசேர்த்த ஒருவருக்கு, இரண்டு வசனத்தில் சொல்லும் தெரிவொன்று விளங்காமற்போகுமா?

அதேவேளை, சொல்லிவிட்டேன் என்று கைகழுவிவிடுவதும் உதவியாகாது. தெரிவைச் சொன்னவர், எடுத்த தெரிவு நிறைவேறும்வரை பக்கத்தில் இருக்கவேண்டும். உண்மை சொல்வது வேலையின் ஒரு பாதி. வைபையை ஓடவைப்பது மறு பாதி.

இவையெல்லாம் எங்கோ அந்நிய தேசத்து மேசையில் நடப்பவை என்று எண்ணவேண்டாம். நம் வீடுகளிலும் அந்த மேசை இருக்கின்றது. தாயாருக்குப் புதுக் கைபேசி வந்தால் மகன் அதை வாங்கி, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்னும் பொத்தானைப் பத்துத் தடவை அழுத்திவிட்டுத் திருப்பிக் கொடுக்கின்றான். எதற்கு ஒப்புக்கொண்டது? யார் ஒப்புக்கொண்டது? தாயாருடைய இருப்பிடத்தையும், தொடர்பிலக்கங்களையும், படங்களையும் பார்க்க எவரெவருக்கோ அவர் பெயரால் அனுமதி கொடுத்தாயிற்று. அவருக்கு அது தெரியாது. மகன் கெட்டவனல்லன். அவசரக்காரன், அன்பானவனுங்கூட. ஆனாலும் அவர் வாயால் வரவேண்டிய ‘ஆம்’ என்ற சொல்லை அவன் எடுத்துக்கொண்டுவிட்டான்.

அடுத்த முறை வீட்டிலே ஒருவர் கைபேசியையோ கணனியையோ நீட்டி, “இதைக் கொஞ்சம் பார்த்துத் தா பிள்ளை” என்று கேட்கும்போது, பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருத்துங்கள். திரையை அவர் பக்கம் திருப்புங்கள். பொத்தானை அழுத்துமுன் அது என்னவென்று ஒரு வசனம் சொல்லுங்கள். அழுத்துகின்ற விரல் அவருடையதாக இருக்கட்டும்.