அனுப்பியவர் எதை அறிய முடியும்?

ஒரு செய்தி அனைவரையும் சென்றடைவது வேறு. அது சென்றடைந்ததை அனுப்பியவர் அறிவது வேறு. இருவருக்கு இடையிலான தொடர்பில் இந்த வேறுபாடு எளிதில் மறைந்துவிடுகிறது. இணையத்தின் டிசிபி நெறிமுறையில், தரவைப் பொதிகளாகப் பிரித்து அனுப்பும் கணினி ஒவ்வொன்றுக்கும் ஒப்புகையை எதிர்பார்த்து, வராதவற்றை மீண்டும் அனுப்புவதால், சேர்தலும் அறிதலும் ஒரே செயலாகத் தோன்றுகின்றன. ஸ்டீவ் டீரிங் 1989-இல் வரையறுத்த மல்டிகாஸ்ட் முறையில், அதாவது ஒரே பொதியை ரவுட்டர்கள் பாதை பிரியும் இடங்களில் மட்டும் படியெடுத்து ஒரு குழு முழுவதற்கும் கொண்டுசேர்க்கும் முறையில், அத்தோற்றம் கலைகிறது. பெறுவோர் பல்லாயிரவரும் ஒப்புகை அனுப்பினால் அவற்றின் பெருக்கே அனுப்பும் கணினியை மூழ்கடித்துவிடும். அறிய விரும்புவதே சேர்ப்பதற்குத் தடையாகும் இந்நிலை, கொடுப்பவரின் கடமை எதுவரை நீள்கிறது என்ற அறவியல் கேள்வியையும் எழுப்புகிறது.

சாலி ஃபிளாய்ட், வான் ஜேக்கப்சன் முதலியோர் 1995-இல் வெளியிட்ட எஸ்ஆர்எம் என்னும் முறை, பொறுப்பைப் பெறுபவரிடம் மாற்றியது. பொதிகளின் வரிசை எண்ணில் இடைவெளி கண்டவர் மட்டுமே கேட்க வேண்டும். அவரும் உடனே கேட்காமல் தற்செயலாக அமையும் சிறிது நேரம் பொறுத்திருந்து, அதற்குள் வேறொருவர் அதையே கேட்டுவிட்டால் தம் கேள்வியை ஒத்திவைக்க வேண்டும். விடுபட்டதை வைத்திருக்கும் எவரும் அதைத் தரலாம். கொடுத்தல் இங்கு ஒருவரின் தனியுரிமையாக இல்லாமல் குழுவின் பண்பாகிவிடுவது வியந்து போற்றத்தக்கது.

ஆயினும் இம்முறையில் மௌனம் இருபொருள் கொள்கிறது. எல்லாம் கிடைத்தவரும் பேசுவதில்லை. தொடர்பே அறுந்துபோனவரும் பேசுவதில்லை. கடைசிப் பொதியை இழந்தவருக்கோ தாம் இழந்ததே தெரியாது, ஏனெனில் இடைவெளியைக் காட்ட அதற்குப் பின் எதுவும் வருவதில்லை; எனவேதான் குழுவினர் தாம் பெற்ற மிக உயர்ந்த வரிசை எண்ணை அவ்வப்போது அறிவிக்க வேண்டியிருக்கிறது. கேட்பவர் இல்லாமையைக் குறை இல்லாமைக்குச் சான்றாகக் கொள்ளும் எந்த நிறுவனமும், அது சமயமாயினும் அரசாயினும், இதே பிழையைச் செய்கிறது.

எல்லோரும் ஒப்புகை அனுப்பினால் ஐயம் தீருமா என்றால், அதுவும் இல்லை. ஒப்புகை வந்ததும் அனுப்பியவர் அறிகிறார். அவர் அறிந்ததைப் பெற்றவர் அறிய மற்றொரு செய்தி வேண்டும், அதற்கும் ஒன்று வேண்டும். அனைவரும் அறிவர், அனைவரும் அறிவர் என்பதையும் அனைவரும் அறிவர் என்று முடிவின்றி நீளும் நிலையைத் தத்துவ அறிஞர் டேவிட் லூயிஸ் 1969-இல் ஆராய்ந்தார். செய்தி வழியில் தொலையக்கூடிய வலையமைப்பில் அந்நிலையைச் செய்திப் பரிமாற்றத்தால் எட்டவே இயலாது என்று ஹால்பெர்னும் மோசஸும் பின்னர் நிறுவினர்.

அனுப்பியவரின் அறிதலுக்கு உள்ள இந்த எல்லையை ஏற்றுக்கொண்ட முறையே 1998-இல் பையர்ஸ், லூபி, மிட்ஸென்மாக்கர், ரேகே ஆகியோர் முன்வைத்த எண்ணிம ஊற்று. மூலத் தரவின் துண்டுகளைக் கணிதமுறையில் கலந்து புதுப்புதுப் பொதிகளாக அனுப்பிக்கொண்டே இருந்தால், பெறுபவர் எவற்றைத் தவறவிட்டாலும், மூலத்தின் அளவைவிடச் சற்றே மிகுந்த எண்ணிக்கையில் எவையேனும் சில பொதிகளைச் சேர்த்து முழுவதையும் மீட்டுக்கொள்ளலாம். அனுப்பியவர் யார் பெற்றார் என்று அறியார். ஆயினும் அவர் கடமையில் குறையில்லை, ஏனெனில் நம்பகம் என்பது கொடுப்பவர் உள்ளத்தில் எழும் உறுதியன்று, பெறுபவருக்கு வழி அடைபடாதிருத்தலே. பெற்ற அனைவரும் ஒரே நொடியில் ஒன்றுபட்டுச் செயல்பட வேண்டிய இடத்தில் மட்டும் இவ்விடை போதாது. அங்கே ஒவ்வொருவரும் மற்றவர் நிலையை அறிந்தாக வேண்டும், அந்த அறிவை ஊற்று தருவதில்லை.