ஆழத்தில் மயக்கும் காற்று

தாப்பாவில் வாங்கிய முறுக்குப் பொட்டலத்தைக் காரில் போட்டுக்கொண்டு மலையேறினால், ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் தாண்டிக் கியா பார்ம் வந்து சேர்வதற்குள் பொட்டலம் உப்பித் திரண்டிருக்கும். உள்ளே இருக்கும் காற்று கூடவில்லை. வெளியிலிருந்து அதை அழுத்தும் காற்றுதான் குறைந்திருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே இருக்கும் இவ்வூரில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு.

இந்த மலை பகாங் மாநிலத்தின் ஒரு கோடி என்றால் தியோமான் தீவு மறுகோடி. மலையிலிருந்து இறங்கிப்போய் அங்கே முக்குளிக்கக் கற்கும் நம் இளையோரையும், அவர்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோரையும் நினைத்தே இதை எழுதுகிறேன். மலையில் 1,500 மீட்டர் ஏறியும் ஆறில் ஒன்றுதான் மாறுகிறது. கடலிலோ 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரட்டிப்பாகிவிடும். 30 மீட்டரில் நான்கு மடங்கு, 40 மீட்டரில் ஐந்து மடங்கு.

முதுகில் கட்டிய தொட்டியிலிருந்து வரும் காற்றை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஈடாகவே ரெகுலேட்டர் வாய்க்குத் தருகிறது. அப்படித் தராவிட்டால் நெஞ்சை விரித்து மூச்சை இழுக்கவே முடியாது. ஆகவே 30 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் நான்கு மடங்கு காற்று உள்ளே போகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். தரையில் எந்த வம்புக்கும் போகாமல் உள்ளே போய் வெளியே வரும் இந்த வாயு, அழுத்தம் ஏறியதும் இரத்தத்தில் கரைந்து, நரம்பணுக்களின் கொழுப்புப் படலங்களிலும் சேர்கிறது. மூளையின் செய்தித் தொடர்பு மந்தமாகிறது. கொழுப்பில் எளிதில் கரையும் பொருள்களே வலுவான மயக்க மருந்துகளாகின்றன என்பதை ஹான்ஸ் மையர், சார்லஸ் ஓவர்டன் இருவரும் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டினார்கள். ஆழத்து மயக்கத்துக்கு நைட்ரஜன்தான் காரணம் என்று 1935இல் சுட்டியவர் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கி.

பெரும்பாலோருக்கு 30 மீட்டரை ஒட்டி இது தெரியத் தொடங்கும். வெறும் வயிற்றில் மது குடித்தது போல என்பார்கள் முக்குளிப்போர். ஒருவருக்குக் காரணமில்லாத சிரிப்பு, இன்னொருவருக்குக் காரணமில்லாத திகில். நேற்று ஒன்றும் செய்யாத ஆழம் இன்று, தூக்கம் கெட்டிருந்தால், அதே ஆளைக் கவிழ்க்கலாம். எனக்கு மிகக் கொடியதாகப் படுவது வேறொன்று: மயங்கியவருக்குத் தாம் மயங்கியிருப்பது தெரியாது. தொட்டியின் அழுத்தமானியைப் பார்ப்பார். முள் 50 பாரில் நிற்கும், மேலே கிளம்பியாக வேண்டிய அளவு அது. கண் முள்ளைப் பார்க்கிறது, எண்ணையும் படிக்கிறது. ஆனால் அதற்கு என்ன பொருள் என்பது மனத்தில் ஏறாது. மானியை விட்டுவிட்டு மறுபடி மீனைப் பார்க்கப் போய்விடுவார்.

1947இல் பிரான்சின் தூலோன் அருகே, முக்குளிப்பு முன்னோடி கூஸ்தோவின் குழுவைச் சேர்ந்த மொரீஸ் ஃபார்க் சுமார் 120 மீட்டர் வரை இறங்கி, அங்கே கட்டியிருந்த பலகையில் கையெழுத்தும் போட்டார். அவரை உயிரோடு மேலே கொண்டுவர முடியவில்லை. தேர்ந்த முக்குளிப்பாளர் அவர்.

இனி, பீதி. ஆழத்தில் காற்று அடர்த்தியாகிவிடுவதால் மூச்சை இழுப்பதும் விடுவதுமே உழைப்பாகிறது. நீரோட்டத்தை எதிர்த்து நீந்துகிறவர் மேலோட்டமாக, வேகவேகமாக மூச்சு விடுவார். கரியமில வாயு முழுதாக வெளியேறாமல் உடலில் தேங்கும். தேங்கிய கரியமில வாயு நைட்ரஜன் மயக்கத்தைக் கூட்டுகிறது, மூச்சு முட்டுகிற உணர்வையும் தருகிறது. தொட்டியில் காற்று இருக்கும்போதே காற்று வரவில்லை என்று தோன்றும். மூச்சு இன்னும் வேகமாகும், கரியமில வாயு இன்னும் தேங்கும். இந்தச் சுழலில் சிக்கியவர் வாயிலிருக்கும் ரெகுலேட்டரையே பிடுங்கி எறிவதுண்டு. மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வதுண்டு. 30 மீட்டரில் நிரம்பிய நுரையீரல் காற்று மேற்பரப்பில் நான்கு மடங்கு இடம் கேட்கும். பொட்டலத்துக்கு நேர்ந்தது நுரையீரலுக்கு நேர்ந்தால் அது கிழியும். காற்றுக் குமிழிகள் மூளைக்குப் போகும். நைட்ரஜன் மயக்கம் சில மீட்டர் மேலே வந்தாலே தடயமில்லாமல் தெளிந்துவிடக்கூடியது. ஆளைக் கொல்வது பெரும்பாலும் அதையடுத்து எடுக்கும் தவறான முடிவுதான்.

நம் மாநிலக் கரைக்கு அப்பாலுள்ள கடலிலேயே இதற்குப் பெரிய பாடம் கிடக்கிறது. 1941 டிசம்பர் 10 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் குவாந்தானுக்குக் கிழக்கே தென்சீனக் கடலடியில் கிடக்கின்றன. அன்று 840 பேர் மாண்டார்கள். ரிப்பல்ஸ் ஏறத்தாழ 55 மீட்டரிலும், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஏறத்தாழ 68 மீட்டரிலும் உள்ளன. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையான 40 மீட்டரை இரண்டும் தாண்டியவை. இத்தகைய ஆழத்துக்கு நைட்ரஜனில் ஒரு பகுதியைக் குறைத்து ஹீலியம் சேர்த்த கலவையே ஏற்றது. ஹீலியம் கொழுப்பில் மிகக் குறைவாகவே கரையும். இலேசானது என்பதால் மூச்சும் சுலபம். 1939இல் மூழ்கிய அமெரிக்க நீர்மூழ்கி ஸ்குவாலஸை 70 மீட்டருக்கும் கீழிருந்து தூக்கிய பணியிலேயே இதன் பயனைக் கண்டுவிட்டார்கள்.

சாதாரணக் காற்றோடு இறங்குகிறவர்கள் செய்யவேண்டியதை மேலே, படகிலேயே முடிவு செய்துவிட வேண்டும். எத்தனை மீட்டர், எத்தனை பாரில் திரும்புவது என்பதைக் கீழே போய் யோசிக்கக் கூடாது. மயக்கம் உண்டா என்று சோதிக்க, துணைவர் மூன்று விரல் காட்டினால் ஒன்று கூட்டி நான்கு விரல் காட்ட வேண்டும். தடுமாறினால் இருவருமே மேலே. பயம் வந்தால் எதையாவது பிடித்து நின்று, நீளமாக மூச்சை விட்டு, பிறகு துணைவரோடு மெதுவாக ஏறுங்கள். முதல் சான்றிதழ் 18 மீட்டருக்குத்தான். நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று அதற்குக் கீழே போவது வீரம் ஆகாது.

கரைக்கு வந்த பிறகும் நைட்ரஜன் உடலை விட்டு முழுதாகப் போயிருக்காது. பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் மூட்டு வலி, மரத்துப்போதல், அதற்கும் மேலான கேடுகள் வரலாம். ஒரே ஒரு முறை முக்குளித்தவர் 12 மணி நேரமும், பல முறை முக்குளித்தவர் 18 மணி நேரமும் விமானம் ஏறாமல் இருக்க வேண்டும் என்கிறது முக்குளிப்போர் பாதுகாப்புக்கான டான் அமைப்பின் பரிந்துரை. 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தை மனத்தில் கொண்ட கணக்கு அது. கியா பார்ம் அதற்கு இரண்டு மடங்குக்கும் மேலே. ஆகவே காலையில் தியோமானில் முக்குளித்துவிட்டு அன்றிரவே வீட்டுக்கு வண்டியேறாதீர்கள். கடற்கரை ஊரில் ஓர் இரவு தங்கி, முழுதாக ஒரு நாள் கழித்து மலைக்கு வாருங்கள்.